ஆதி தாளத்தில் ஒரு தாலாட்டு

ஐம்பது வயதில் பியானோ கற்றுக்கொள்ளக் கிளம்பிய மனைவிக்குத் துணையாகப் போய் நானும் மாட்டிக்கொண்டேன். தஞ்சாவூரில் டீச்சர் வீட்டு ஹாலில், மாணவர்கள் பெற்றோர் முன்னால் வாசிக்கும் நாள் வந்தது. மற்ற மாணவர்களுக்கெல்லாம் பால்பல் விழும் வயது. எங்களுக்கு அடுத்த செட் விழும் வயது.

எங்களுக்குக் கிடைத்தது ஒரே பியானோவில் இருவர் சேர்ந்து வாசிக்கும் பாட்டு, ஒரு பொம்மைக்குத் தாலாட்டு. குழந்தைப் பருவத்தை நினைத்து இப்படி நான்கு கைகளுக்கு எழுதிய ஐரோப்பியர்கள் நிறையப் பேர். எல்லோரும் வளர்ந்த பிறகு எழுதியவர்கள். குழந்தைக்கு எதற்கு அதெல்லாம்? பொம்மையைத் தூங்க வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். மெட்டு மனைவிக்கு. எனக்குக் கீழ்ப்பகுதி, தொட்டில் ஆட்டுவதுபோல் கடைசிவரை ஒன்று, இரண்டு, மூன்று. "நம்ம பொண்ணு தொட்டில இவ்ளோ நேரம் நீங்க ஆட்டினதே இல்ல" என்றாள்.

அவளுக்கு ஒரே ஆசை. அவள் அப்பா ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும். மாமனார் கர்நாடக சங்கீதப் பித்தர். எங்கள் வீட்டுக்கு வரும்போது அவள் கீபோர்டைத் திறந்தாலே, "மூடும்மா, கமகமே இல்லாத பெட்டி" என்று எழுந்து போய்விடுவார். அன்று என்னவோ ஒரத்தநாட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஆரம்பித்தோம். அவர் கையும் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தது. தொடையில் ஆதி தாளம், எட்டு எட்டாக, ஹாலுக்கே கேட்கும்படி. கல்யாணமான நாளிலிருந்து மாமனாருக்குக் கட்டுப்பட்ட என் இடது கை, மூன்றை விட்டு அவர் பக்கம் போய்விட்டது. தொட்டில் தடுமாறியது.

"அப்பாவப் பாக்காதீங்க" என்று பல்லைக் கடித்தாள் மனைவி. பிறகு வாசித்துக்கொண்டே வாய்விட்டு எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

தொடைக்கு மேல் தூக்கிய மாமனாரின் கை அப்படியே நின்றது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவளும் நினைத்திருக்க வேண்டும், குரல் தேய்ந்தது. அந்தக் கை மெல்ல இறங்கி, மூன்று மூன்றாகத் தட்டத் தொடங்கியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் கரையேறினேன்.

முடிந்ததும் குழந்தைகள் கைதட்டினார்கள். மாமனார் தட்டவில்லை.

"மூணுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா மாப்ள? இந்த உலுக்கு உலுக்கினா எந்தப் பொம்மை தூங்கும்?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "இன்னொரு தடவ வாசிம்மா. நான் ஒழுங்கா தாளம் போடறேன்."

அவள் அதற்குள் முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாள். நான் தயாரா என்று யாரும் கேட்கவில்லை.