வெட்டியது போக

எக்ஸ்ரேக்காரர் முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி அறைக்குள் நின்று மற்றவர்களை மூச்சை அடக்கச் சொன்னவர். ஓய்வு பெற்றதும் ஒரு கேமராவை வாங்கி, தானே மூச்சை அடக்கிக்கொண்டு கொல்லைப்புறத்தில் உட்கார ஆரம்பித்தார். வீட்டில் தேன்சிட்டும் கொண்டைக்குருவியும், ஏரிக்கரை வரை நடந்தால் மீன்கொத்தி. பைத்தியம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். காய்கறி வாங்க அனுப்பினால் வெறும் பையோடு திரும்பி வந்து, மரங்கொத்தியைப் பார்த்த கதையைச் சொல்வார். "அப்ப அந்தக் கதையையே சமைச்சிடறேன்," என்பாள் மனைவி.

பறவைகள் வந்ததென்னவோ அவளுக்காகத்தான். குழாயடியில் தினமும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தது அவள். பக்கத்திலேயே அவள் துணி உலர்த்தினாலும் அவை பறக்காது. அவர் நாற்காலியை நகர்த்தினால் போதும், கொல்லை காலி. அதனால் அவளை அங்கேயே நிற்க வைத்துத்தான் படம் எடுப்பார். பிறகு கம்ப்யூட்டரில் அவளை வெட்டிவிடுவார். கேட்ட இடம் மட்டும் படத்தில் இருக்க வேண்டும் என்பது தொழிலில் ஊறிய பழக்கம். கணுக்கால் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தால் முழங்காலைத் தொடமாட்டார். வெட்டிய கையோடு முழுப்படத்தையும் அழித்துவிடுவார். குப்பை சேர்வது அவருக்கு ஆகாது.

"நானும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போறேனே," என்று ஒருமுறை கேட்டாள். உன்னைத்தான் தினமும் பார்க்கிறேனே என்று சொல்லிவிட்டார். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் இறந்து ஒரு மாதம் கழித்து மகள் வந்தாள். கடைசி வருஷங்களில் அம்மா எப்படி இருந்தாளோ அப்படி ஒரு படம் வேண்டும், தன் வீட்டுச் சுவரில் மாட்ட, என்றாள். கல்யாணப் படத்தில் இருப்பது யாரோ ஒரு சின்னப் பெண். அடையாள அட்டையில் இருப்பவளை அம்மா என்றே சொல்ல முடியாது. இருவருமாக ஆறாயிரம் படங்களைப் பார்த்தார்கள். இரண்டு நாள் ஆயிற்று. ஒரே ஒரு படத்தில், கிண்ணத்தின் விளிம்பில் மூன்று விரல்கள் வெட்டுக்குத் தப்பியிருந்தன.

"இது அம்மா கைதானேப்பா? மிச்சம் எங்க?"

"நான்தான் வெட்டிட்டேன்மா."

மகள் திட்டியிருந்தால் தேவலை. அவள் அந்த விரல்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். இரண்டு வருஷம் முன்பு, இருமல் நிற்கவில்லை என்று தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அவளை அழைத்துப் போய், அங்கிருந்தவர்களிடம் கெஞ்சிக் கேட்டுத் தன் கையாலேயே எடுத்த நெஞ்சுப் படம். டாக்டருக்கு முன்பே நுரையீரலில் இருந்த அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தவர் அவர்தான். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உங்கம்மாவை எடுத்து வெட்டாம வச்சிருக்கறது இது ஒண்ணுதான்," என்றார். "மூச்சை அடக்குன்னு சொன்னேன். கொஞ்சம்கூட அசையல. வெளியில வந்து, சரியா நின்னேனான்னு கேட்டா."