பாசி சொன்னது ஒன்று, நீங்கள் சொன்னது வேறு

நீங்கள் பொய் சொன்னீர்கள். என் படத்தைத் திரையில் போட்டு, என் வேலையைச் சாட்சிக்கு வைத்து, கம்மாபுரத்துப் பக்கம் ஓர் ஊரில் பொய் சொன்னீர்கள். பெயர் எழுதப்போவதில்லை. நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இவர் நெய்வேலி மைன்ஸில், அதாவது நிலக்கரிச் சுரங்கத்தில், இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பா இவருக்குக் கீழே ஷிப்ட் பார்த்தவர். இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு, ஓய்வு பெற்ற சிலரைச் சேர்த்துக்கொண்டு அறிவியல் கூட்டம் நடத்துகிறார். தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுமுறைக்கு வந்த என்னைப் பேசச் சொன்னார். நான் போனேன்.

நான் பனியைப் படிக்கிறவள். நெய்வேலி வெயிலில் பிறந்தவளுக்கு இது என்ன படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். தென்கடலில் ஆள் குடியிருப்பு இல்லாத ஒரு தீவு. அதன் மேட்டைப் பனி மூடிக்கிடக்கிறது. முன்காலத்தில் அந்தப் பனி எதுவரை இருந்தது என்று கண்டுபிடிப்பது எங்கள் குழுவின் வேலை. படம் கிடையாது, பார்த்த ஆள் கிடையாது. அதனால் பனியின் விளிம்பில் முட்டி போட்டுச் செத்த பாசியைத் தேடுவோம். உருகி விலகுகிற பனிக்கு அடியிலிருந்து அது வெளியே வரும், பழுப்பாக. முளைத்த இடத்திலேயே நிமிர்ந்து நின்றால் எடுப்போம். சாய்ந்து கிடந்தால் எங்கிருந்தோ தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தது, தொடமாட்டோம். ஆய்வுக்கூடத்தில் அதன் வயதைப் பார்த்தால் பனி எப்போது அதன்மேல் ஏறியது என்று தெரியும்.

அதற்கு முன் அங்கே பனி இல்லை. இது பாதி. பனி ஏறிய பிறகு பல நூறு ஆண்டுகள் அது அந்த இடத்தைவிட்டு விலகவே இல்லை, நான் குனிந்து எடுத்த கோடைக்குக் கொஞ்சம் முன்புவரை. இடையில் விலகியிருந்தால் காற்றும் உருகுநீரும் அந்தப் பாசியை அப்போதே அரித்துக்கொண்டு போயிருக்கும். இது மீதிப் பாதி. இரண்டையும் அந்த மேடையில் சொன்னேன். மூடும்போது மெதுவாக மூடியது, விலகும்போது வேகமாக விலகுகிறது என்றும் சொன்னேன். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கே புரிந்தது.

முடிவுரைக்கு நீங்கள் எழுந்தீர்கள். லிக்னைட் என்கிற பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கிற மண்ணை இங்கே ஓவர்பர்டன் என்போம். அதை வைத்து ஆரம்பித்தீர்கள்.

"நம்ம மைன்ஸ்ல ஓவர்பர்டன எடுத்தா லிக்னைட். பாப்பாவோட தீவுல ஐஸ எடுத்தா பாசி. ஐஸும் ஒரு ஓவர்பர்டன்தான், என்னம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குப் பல்லைக் காட்டினேன். "முன்னயும் ஐஸ் இல்லாம இருந்திருக்கு, திரும்ப வந்திருக்கு. இயற்கை அது பாட்டுக்கு வரும், போகும். நாமதான் கெடந்து பதறிக்கிறோம்" என்று முடித்தீர்கள். நான் மைக்கைக் கேட்டேன். அதற்குள் காபி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த விடுமுறையில் வந்தபோது, எங்கள் பிளாக்குக்குக் கீரை கொண்டுவருகிற அம்மா என்னைப் பார்த்துக் கூடையை இறக்கினார். கம்மாபுரத்துப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம், ஒரு போர்வெல்.

"நீதான அந்த ஐஸு பொண்ணு? ஒன் படத்த எங்க ஊர்ல போட்டுக் காட்னாங்க பாப்பா."

"யாரு காட்டினது?"

"ஒங்கப்பாவுக்கு மேல மைன்ஸ்ல பெரிய ஆபீசரா இருந்தாரே, அவருதான். போர்ல தண்ணி எறங்கிக்கினே போவுது, மனு குடுக்கணும்னு கூடிப் பேசிக்கினு இருந்தோம். அவரா வந்தாரு. நம்ம ஊரு பொண்ணு தீவுக்கே போயி பாத்திருக்குது, ஐஸு போனாலும் திரும்ப வந்துடுமாம், தண்ணியும் அப்டித்தான், வந்துடும்னாரு. படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மனுவ உட்டுட்டோம். நாத்து நட்டோம். பாதியில போர் காத்த கக்கிடுச்சி. பயிரு காஞ்சிபோச்சி."

அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை.

"இப்ப மறுபடி நடலாமான்னு வூட்ல கேக்கறாரு. தண்ணி எப்ப வரும் பாப்பா?"

"எனக்குத் தெரியாதும்மா. நான் உங்க தண்ணியப் பாக்கல. ஐஸ மட்டுந்தான் பாத்தேன்."

"அப்ப அவருக்கு எப்டி தெரிஞ்சிது?"

அவர்கள் போரில் தண்ணீர் ஏன் இறங்குகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அளந்து பார்த்தவர்கள் சொல்லட்டும். ஆனால் அளக்கச் சொல்லி மனுக் கொடுக்கவிருந்த ஊரின் வாயை என் பாசியை வைத்து அடைத்தீர்களே, அதைத்தான் கேட்கிறேன். பனி திரும்பி வர எத்தனை தலைமுறை ஆகும் என்று தெரிந்துகொண்டா, வெயிலில் நாற்று நடுகிறவர்களிடம் வந்துவிடும் என்றீர்கள்?

அன்று சாயந்திரமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். அப்பா தடுத்தார். "அவரு எனக்கு மேல இருந்தவரு. பெரிய மனுசன். விட்டுடும்மா." விடவில்லை. நீங்கள் முகம் மலர உட்காரவைத்தீர்கள். நான் கேட்டதும் மெதுவாகச் சொன்னீர்கள்.

"ஜனங்க பதட்டமா இருந்தாங்கம்மா. தைரியம் சொல்லலாம்னு ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன். உன்னைப் பெருமையாத்தானே பேசினேன்?"

"நான் சொல்லாததச் சொன்னேன்னு பேசினீங்க. பயிர் காஞ்சிருக்கு."

"சரி, தப்புதான். போதுமா?"

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க வந்து சொல்லுங்க."

"அதுக்காக ஊர்ல போய் நின்னு மன்னிப்பு கேக்கச் சொல்றியா? உங்கப்பா வயசும்மா எனக்கு."

வயதுக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன். உங்கள் கூடத்தில் என்னிடம் தனியாகச் சொன்ன "தப்புதான்" அந்த வயலுக்கு எந்த வகையிலும் உதவாது. அவர்கள் இன்னும் நீங்கள் சொன்னதையும் என் படத்தையும் நம்பி, மனுவும் கொடுக்காமல், நடுவதா வேண்டாமா என்று காத்திருக்கிறார்கள். நான் போய்ச் சொன்னேன். "அவ்ளோ பெரிய ஆபீசரு பொய்யா சொல்லுவாரு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அவர்கள் நம்பியது உங்களை. ஆகவே நீங்கள்தான் பேசவேண்டும்.

அதே ஊருக்குப் போங்கள், எல்லோரையும் கூட்டச் சொல்லுங்கள். அந்தப் பெண் சொன்னதில் பாதியை நான் மறைத்தேன், தண்ணீர் திரும்பி வரும் என்று அவள் சொல்லவே இல்லை, நானாகச் சொன்னேன் என்று மைக்கில் சொல்லுங்கள். மனுவை எழுதுங்கள் என்றும் சொல்லுங்கள். நானும் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். போகமாட்டேன் என்றால், ஏன் போகமாட்டீர்கள் என்பதையாவது எல்லோரும் கேட்கிறமாதிரி சொல்லுங்கள்.