பதினேழாம் எண் மாதிரி

நான்கு பண்ணைகளில் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. ஐந்தாவதாக, பல்லடத்துக்குத் தெற்கே இருந்த ஒரு கறிக்கோழிப் பண்ணையில்தான் ஓர் அக்கா வெளியே வந்தார். நான் நீட்டிய கடிதத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்து, "வெயில்ல நிக்காதீங்க அம்மணி, உள்ள வாங்க" என்றார்.

அப்போது நான் கோவையில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கோழிகள் நோயில் விழாமல் இருக்கவும் சீக்கிரம் எடை போடவும் குடிதண்ணீரில் மருந்து கலந்து கொடுப்பார்கள். அந்த மருந்துகளுக்கு அடங்காமல் போன பாக்டீரியாக்கள் பண்ணையில் எங்கெல்லாம் இருக்கின்றன, அங்கே வேலை செய்கிறவர்களின் குடலுக்குள்ளும் போயிருக்கின்றனவா என்பதுதான் என் ஆய்வு. கோழியின் எச்சம், தரையில் பரப்பிய தேங்காய்நார்த் தூள், தண்ணீர்க் குழாய், மனிதர்களின் மலம் எல்லாவற்றிலும் மாதிரி வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் எல்லாரும் கேட்டுக்கு உள்ளேயிருந்தே போகச் சொல்லிவிட்டார்கள்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரும் கணவரும் இரண்டு கொட்டகைகளைப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் கொட்டகைக்குள் போனதும் அவர் எதையும் தொடமாட்டார். கதவருகே நின்று கண்ணை மூடி ஒரு நிமிடம் கேட்பார். ஆயிரக்கணக்கான கோழிகளின் சத்தத்தில் எந்த மூலையில் மூச்சு கரகரக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் கைகாட்டிய மூலையில்தான் மறுநாள் கோழி சாகும். நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். பெயர் எங்கும் வராது, எண் மட்டும்தான் இருக்கும், முடிவுகள் தனிப்பட்ட முறையில் தெரிவிக்கப்பட மாட்டாது என்று அதில் இருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டார். கணவரையும் வேலைக்கு இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு அவர்களையும் போட வைத்தார். கோழியுடையதும் வேண்டும் எங்களுடையதும் வேண்டுமா என்று கேட்டு ரொம்ப நேரம் சிரித்தார். அவருடைய குழாயில் நான் எழுதிய எண் பதினேழு.

ஆய்வகத்தில் ஒரு நிறத்தட்டு வைத்திருந்தோம். எந்தப் பாக்டீரியா வளர்கிறதோ அதற்கேற்ற நிறத்தில் புள்ளிகள் எழும். பதினேழில் அடர்ந்த நீலப் புள்ளிகள் எழுந்தன. அதை எடுத்து வேறொரு தட்டில் பரப்பி, மேலே மருந்து ஊறிய காகித வில்லைகளை வைத்தேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் தெரியும். ஒன்றைச் சுற்றிக்கூட வட்டம் இல்லை. கிருமி எல்லா வில்லைகளின் ஓரத்தையும் ஒட்டி வளர்ந்திருந்தது.

மிச்சம் இருந்தது கொலிஸ்டின். வேறு எதுவும் கேட்காதபோது ஆஸ்பத்திரிகளில் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று. அதை வில்லையில் பார்க்க முடியாது. சிறு குழிகள் கொண்ட தட்டில், குழிக்குக் குழி மருந்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். கிருமி செத்தால் குழி தெளிவாக இருக்கும். பதினேழின் வரிசை கடைசிக் குழிவரை கலங்கியிருந்தது. மருந்தைப் புதிதாகக் கரைத்து மறுபடி செய்தேன். மூன்றாவது தடவையும் அப்படியேதான். தண்ணீர்க் குழாயிலிருந்து எடுத்ததிலும், இரண்டாம் கொட்டகை எச்சத்திலும் இதே கிருமி இருந்தது.

என் பேராசிரியரிடம் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இது பெரிய விஷயம், கட்டுரையை எழுத ஆரம்பித்துவிடு என்றார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்குப் போகும்போது இனிப்பு வாங்கிப்போனேன்.

குடலில் அந்தக் கிருமி இருப்பது நோய் இல்லை. அது பாட்டுக்கு இருக்கும், ஆளுக்கு ஒன்றும் செய்யாது. அதை அங்கிருந்து விரட்ட மருந்தும் கிடையாது. உடம்பில் வெட்டோ காயமோ ஏற்பட்டு, அது இரத்தத்துக்குள் போனால்தான் ஆபத்து. அக்காவிடம் சொல்ல வேண்டாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். சொல்லி என்ன செய்ய முடியும், வீணாகப் பயப்படுவார்கள், படிவத்திலும் அப்படித்தானே இருக்கிறது என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஒன்பது வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை அக்கா போன் செய்தார். இந்த வாரம் மாதிரி எடுக்க வர வேண்டாம், தான் பண்ணையில் இருக்கமாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி, கர்ப்பப்பையில கட்டி இருக்குதாமா. வெசாளக்கெழம எடுத்துப்போடறாங்க. மூணு நாள்ல ஊட்டுக்கு அனுப்பிருவாங்க."

நல்லபடியாக முடியும் அக்கா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பேராசிரியரிடம் ஓடினேன். அவரும் இப்போது தயங்கினார். அடையாளத்தை வெளியே சொல்ல நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அன்றே கடிதம் எழுதி அனுப்பினோம். குழுத் தலைவர் வெளியூரில் இருந்தார். செவ்வாய்க்கிழமை பதில் இல்லை. வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று புதன்கிழமை பதில் வந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று மறுபடி எழுதினோம். அதற்குப் பதில் வரவில்லை.

அந்த மூன்று நாளும் என் போனில் அக்காவின் எண் இருந்தது. அழைத்து, "அக்கா, டாக்டர்கிட்ட இப்படிச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டம் போய்விடுமோ, பேராசிரியருக்குக் கெட்ட பெயர் வருமோ என்று நினைத்தேன். எத்தனையோ பேர் இந்தக் கிருமியோடு ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை மத்தியானம் அவர் கணவர் போன் செய்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார். ஆய்வகத்துக் கழிப்பறையில் போய் நின்று அழுதேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி கணவரே கூப்பிட்டார். முந்தின நாளிலிருந்து குளிர் காய்ச்சல், ஆளே அடையாளம் தெரியவில்லை, நீங்கள் இதைப் பற்றிப் படிக்கிறவர் ஆயிற்றே, இது என்னவாக இருக்கும் என்று கேட்டார்.

அன்றைக்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்கு கட்டில் போட்ட அறையில் அக்கா படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது, கண் மேலே செருகியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் பவானியிலிருந்து வந்த ஓர் அம்மா, பித்தப்பை ஆபரேஷன் முடிந்து அன்று வீட்டுக்குக் கிளம்ப இருந்தவர். இரண்டு நாளாக அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்ததும், தலை சீவிவிட்டதும், பாத்ரூமுக்குத் தாங்கிக் கூட்டிப்போனதும் அவர்தான் என்று கணவர் சொன்னார். அந்த அம்மா தன் வயிற்றுக் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அக்காவின் நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்.

பணியில் இருந்த டாக்டரிடம் குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். நடுத்தர வயது, அமைதியான மனிதர். பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது எத்தனை நாளாத் தெரியும்?"

"ஒன்பது வாரமா சார்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். திட்டவில்லை. ஓடிக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தச் சொல்லி, தனித்தனியாகக் கேட்காவிட்டாலும் சேர்ந்தால் கேட்கலாம் என்று, புதிதாக வந்த ஒரு மருந்தையும் பழைய ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க எழுதினார். அக்காவைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். அன்றே தையலைப் பிரித்துச் சீழை எடுத்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு செவ்வாய்க்கிழமைதான் வந்தது. என் குறிப்பேட்டில் இருந்ததே அதிலும் இருந்தது.

அக்கா பிழைத்தார். சிறுநீரகம் பாதி கெட்டு, ஆள் பாதியாய் இளைத்து, மூன்று வாரம் கழித்துத் தனியறைக்கு வந்தார். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் கையுறையும் மேலங்கியும் போட்டிருந்தார்கள். நானும் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க அம்மணி, இது எங்கிட்ட இருக்குதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா?"

"தெரியுங்க அக்கா."

"ஆபரேசனுக்கு முன்னாலயேங்களா?"

"ஆமாங்க அக்கா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே தண்ணீர்த் தொட்டியும் ஒரு வேப்ப மரமும் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதே வாரத்தில் அந்த டாக்டர் என்னை அழைத்து, ஒரு மாதிரியை ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். பவானி அம்மாவுக்கு வீட்டுக்குப் போன எட்டாம் நாள் காய்ச்சல் வந்திருக்கிறது. பக்கத்தில் யாரிடமோ காட்டி, ஏதேதோ ஊசி போட்டு, தாமதமாகத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். வந்த நான்காம் நாள் இறந்துவிட்டார். இரண்டு கிருமிகளின் மரபணுவையும் படித்து வரிசைப்படுத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே கிருமி. சந்தேகப்பட இடமே இல்லை.

அக்கா போன் செய்த திங்கட்கிழமையே நான் சொல்லியிருந்தால் அக்காவை முதல் நாளிலிருந்தே தனியறையில் வைத்திருப்பார்கள். அந்த அம்மா அவர் பக்கத்தில் வந்திருக்கவே முடியாது. இதைப் பேராசிரியரிடமும் குழுவிடமும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு படிவத்தில் இருந்த அந்த வரியை எடுத்தார்கள். விரும்புகிறவர்களுக்கு முடிவு தெரிவிக்கப்படும் என்று மாற்றினார்கள். என் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. கட்டுரையும் வெளியானது.

அக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆனபின் பார்க்கப் போனேன். கொட்டகைக்குப் பக்கத்தில், கல் மேடையில் உட்கார்ந்திருந்தார். இது கோழியிடமிருந்து வந்ததா என்று அவர் கணவர் கேட்டார். இரண்டும் ஒன்று என்று மட்டும் தெரியும், எதிலிருந்து எதற்குப் போனது என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். அது உண்மை. அவர் தலையாட்டிவிட்டுக் கொட்டகைக்குள் போனார்.

அக்கா எனக்கு மோர் கொண்டுவந்தார். டம்ளரை நீட்டிக்கொண்டே, அந்தப் பவானிக்காரம்மா எப்படி இருக்கிறார், போன் போட்டால் யாரும் எடுப்பதில்லை என்றார்.

ஒரு பொய் போதும், அவர் நிம்மதியாக இருப்பார். வரும் வழியெல்லாம் அதை யோசித்துத்தான் வந்திருந்தேன்.

"அவங்க தவறிட்டாங்க அக்கா."

"எனக்கு வந்ததேதானுங்களா?"

"ஆமாங்க அக்கா."

அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். அதிலேயே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் வாங்கக் கை நீட்டியிருந்த டம்ளரை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, மோரை வாழைமரத்தடியில் ஊற்றினார். கணவரைக் கூப்பிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இந்தப் பிள்ளைக்கு வேறு டம்ளரில் கொடுக்கச் சொன்னார். அதன் பிறகு நான் இருந்த நேரம் முழுவதும் இரண்டு கையையும் மடியில் வைத்தபடியே இருந்தார்.

சிலருக்கு இந்தக் கிருமி சில மாதங்களில் தானாகப் போய்விடும். அக்கா மாதாமாதம் மாதிரி அனுப்புகிறார். ஏழு முறை பார்த்துவிட்டேன். போகவில்லை. முடிவு வந்த அன்றே போன் செய்து சொல்கிறேன். சரிங்க அம்மணி என்பார், வேறு பேச்சு இருக்காது.

முதல் சுற்றில் சுத்தமாக இருந்த அவர் கணவரின் மாதிரியிலும் போன மாதம் அது வந்துவிட்டது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். சரிங்க என்றுவிட்டு, காலையில்தான் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கின, அக்கா கொட்டகைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். அவர் குரலுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.