நடுக்கூடத்துத் தூண்

அந்த வீட்டில் அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே இடத்தில்தான் போய் முடியும். "எங்க அக்காதான் குடும்பத்துக்கே தூண்" என்பான் தம்பி. தங்கையும் அதையே சொல்லுவாள். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

தூண் படும் பாடு அக்காவுக்குத் தெரியும். இருபது வருஷமாக வீடுகளுக்கு வரைபடம் போடும் ஆபீஸில் வேலை. வீடு கட்ட வருகிறவர்கள் எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுவார்கள்: ஹாலுக்கு நடுவில் தூண் வரவே கூடாது. மாடி வேண்டும், மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். தாங்குவது மட்டும் கண்ணில் படக் கூடாது. வேறு வழியில்லாமல் ஒரு தூண் வைத்துக் கொடுத்தால், ஆறே மாதத்தில் அதில் ஆணி அடித்துக் குடையும் பையும் மாட்டிவிடுவார்கள்.

அக்காவின் மேலும் குறைவாக ஒன்றும் மாட்டவில்லை. மாடியில் குடியிருக்கும் தம்பி, காலையில் பிள்ளைகளை இவளிடம் இறக்கிவிட்ட பிறகுதான் மூச்சு விடுவான். அடுத்த தெருவில் இருக்கும் தங்கைக்குப் பால் திரிந்தாலும் சரி, மாமியார் முகம் கோணினாலும் சரி, உடனே அக்காவுக்குப் போன் போட்டாக வேண்டும். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கி ஐந்து வருஷமாகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. காலையில் ஒரு சொட்டு மருந்து, மாலையில் வேறொன்று, இரண்டும் அக்கா கையால்தான். நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது அவளுக்கு. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்கிற அளவுக்கு யாரும் அங்கே முட்டாள் இல்லை.

இப்படியிருக்கும்போது அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பாலங்களுக்கு வரைபடம் போடும் பெரிய ஆபீஸில் வேலை. ரயிலில் ஆறு மணி நேரத் தூரம். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். வீடுகளையே வரைந்து கை சலித்தவளுக்குப் பாலம் என்பது சின்ன வயசு ஆசை. ஆனாலும் கடிதத்தை, வரைபடம் சுருட்டி வைக்கும் குழாய்க்குள் போட்டு மூடிவிட்டாள். தான் போனால் வீடு நிற்காது என்று மற்றவர்களை விட அவளே அதிகம் நம்பினாள். மறுநாள் அப்பாவின் காலை மருந்துப் பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்டும், மாலை மருந்தில் இரண்டும் மாட்டிவைத்தாள். எதற்கென்று கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

அந்தச் சமயம் பார்த்து, கீழ்க் கூடத்தில் பெரிய சோபா போட வேண்டும், நடுவில் நிற்கும் தூணை எடுக்க முடியுமா என்று கேட்டான் தம்பி. அக்கா வரைந்து கொடுத்தாள். சுவருக்குச் சுவர் ஒரு இரும்பு உத்தரம் போட்டால், ஒற்றைத் தூண் சுமந்ததை இரண்டு சுவரும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆபீஸ் இன்ஜினியர் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். தூசி ஆகாது என்று தங்கை அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஆட்கள் வந்து முட்டு நிறுத்தி, உத்தரத்தை ஏற்றி, தூணைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தார்கள். அதற்கு முன்பே, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அக்கா ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தாள். வீடு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாளாகியும் விரிசல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை அப்பாவைக் கூட்டிவந்து கட்டிலில் உட்காரவைத்தாள். சற்று நேரத்தில் அவர் எழுந்து குளியலறைக்கு நடந்தார். ஏழு அடி வைத்ததும் வலது கையை நீட்டினார். கை வெறுங்காற்றில் நின்றது.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. ஐந்து வருஷமாக அவர் ஏழு அடி நடந்து, தூணைத் தொட்டு, இடது பக்கம் திரும்பித்தான் போய்க்கொண்டிருந்தார். அவர் கை படும் உயரத்தில் பெயிண்ட் தேய்ந்து வழவழவென்று இருக்கும். தூணை எடுத்தது அவருக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியவில்லை. மாடியின் எடையைக் கிலோ பிசகாமல் எழுதியவள், தினமும் பார்த்த அந்த உள்ளங்கையை மறந்துவிட்டாள். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவது என்று அந்த நொடியில் முடிவே கட்டிவிட்டாள்.

அப்பா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"எப்பம்மா கிளம்புற?"

"எங்கேப்பா?"

"எங்கன்னு நீதான் சொல்லணும். மருந்து பாட்டிலுக்கு ரப்பர் பேண்டு போட்டியே, அப்பவே தெரிஞ்சுது. நீ பக்கத்துல இருக்கப்போறவளா இருந்தா எனக்கு எதுக்கு அடையாளம்?"

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இனி நான் யாருக்குப் போன் பண்ணுவேன் என்று தங்கை கண்ணைக் கசக்கினாள். ரயிலேறினால் போன் அறுந்தா போய்விடும் என்று அவளை அடக்கினார் அப்பா. சத்தம் கேட்டு இறங்கிவந்த தம்பி கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான்.

அப்பா பக்கவாட்டில் நகர்ந்து சுவரைத் தொட்டார். ஜன்னல், அலமாரி என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நடந்தார்.

"தூண் இல்லன்னா சுவரு இருக்கு. கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான்."

பாதி வழியில் அவர் காலில் ஏதோ தட்டியது. குனிந்து தொட்டுப் பார்த்தார். பேரனின் புத்தகப் பை.

"இதை யாருடா வழியில போட்டது?"

பழக்க தோஷத்தில் அக்கா ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் தம்பி ஓடிவந்து பையை எடுத்திருந்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.