பாயின்ட் டூ டூ தோட்டாவும் பின்வாசல் கொக்கியும்

1. நேர்காணல்

ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் ஆர்மரராக இருந்தேன். ஆர்மரர் என்றால் சுடுகிறவன் இல்லை, சுடுகிறவனின் துப்பாக்கியைப் பழுது பார்க்கிறவன். ஓய்வு பெற்று ஐயம்பேட்டையில் வீடு கட்டி உட்கார்ந்த மூன்றாவது மாதமே என் வீட்டுக்காரிக்கு என் முகம் அலுத்துவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுக்கடைக்கு கன்மேன் வேண்டும் என்று கேள்விப்பட்டு என்னுடைய டபுள் பேரல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது அந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீரதீரம் எதுவும் இதில் இல்லை. முன்பே சொல்லிவிடுகிறேன்.

கடையின் முதலாளி கோமதி அம்மா. ஐம்பத்தெட்டு வயது. கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுக்கூடத்தில் மூன்று குழித்தறிகள். என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன ரிவால்வரை எடுத்து வைத்தார். கணவருடையது. லைசென்ஸ் இப்போது அம்மாவின் பெயருக்கு மாறியிருந்தது. பக்கத்தில் ஒரு தோட்டா.

“இன்னா ஹவில்தாரே, கொத்தமல்லி விதை மாதிரி இத்தினியூண்டு இருக்குது. இது ஒரு ஆள நிறுத்துமா?”

பாயின்ட் டூ டூ. எங்கள் தொழிலில் ரிம்ஃபயர் என்போம். பெரிய தோட்டாவின் அடியில் நடுவில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் பொட்டு மாதிரி இருக்கும். இதில் அது கிடையாது. அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளே சுற்றிலும் மருந்து வைத்திருப்பார்கள், ஹேமர் வந்து விளிம்பை அடிக்கும். மருந்து ஏதாவது ஓரிடத்தில் பரவாமல் விட்டுப்போயிருந்தால், அந்த இடத்தில் அடி விழுந்தால், வெடிக்காது. போட்டியில் சுடவும் பழகவும் நல்ல சரக்கு. உயிரைக் காப்பாற்ற இதை நம்பக் கூடாது.

இதை எல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வேலை வேண்டுமே. “கைக்கு உதைக்காதும்மா, குறி தப்பாது. போதும்,” என்றேன்.

2. அறுந்த பாவு

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று கணவரின் தம்பி கேஸ் போட்டிருந்தார். ஆவணியில் ஒரு நாள் மதியம், தறிக்காரர்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், இரண்டு பேர் பின்வாசல் வழியாக வந்தார்கள். யாரையும் தொடவில்லை. எதையும் எடுக்கவில்லை. நடுத்தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு இழைகளைக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்துவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கான பட்டிழைகள் குழிக்குள் தொங்கின. அதைப் பார்த்தபோது அம்மாவுக்கு வந்த நடுக்கம், ஒருவேளை ஆளை அடித்திருந்தால்கூட வந்திருக்காது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது என்ன மிரட்டல் என்று தெரியும்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். நான் கடை வாசலில் நின்றபோது பின்வாசலில் நடந்தது இது. அந்த அவமானம் எனக்கு.

“எனக்கு சுடக் கத்துக் குடு,” என்றார் அம்மா. “நீ முன்னாடி நின்னுக்கினு இருப்ப. அவனுங்க பின்னாடி வருவானுங்க.”

பக்கத்து மாவட்டத்து ரைபிள் கிளப்பில் அனுமதி வாங்கி ஞாயிறுதோறும் அழைத்துப் போனேன். கால் அகட்டி நிற்க, இரண்டு கையாலும் பிடிக்க, முன்குறியைப் பார்க்க, டிரிகரை இழுக்காமல் அழுத்த. பட்டு இழைக்கு முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள், நடுங்கவே இல்லை. மூன்றாவது ஞாயிறு பத்தடியில் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் சிலிண்டரின் எட்டுத் தோட்டாவும் விழுந்தன.

வெடிக்காத தோட்டாவுக்கு இரண்டு பாடம் உண்டு. சுட்டுப் பழகும் ரேஞ்சில் என்றால் குழாயை மண்ணைப் பார்த்துப் பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். சில தோட்டா உள்ளே புகைந்து தாமதமாக வெடிக்கும். ஹேங் ஃபயர் என்பது அதுதான். ஆபத்து நேரத்தில் என்றால் காத்திருக்கக் கூடாது. “சத்தம் வரலன்னா யோசிக்காதீங்கம்மா. மறுபடி அழுத்துங்க. சிலிண்டர் சுத்தி அடுத்த தோட்டா வந்துடும்.” இதைப் பத்து முறையாவது சொல்லிக் கொடுத்திருப்பேன்.

3. பூஜைத் தட்டு

ஆயுத பூஜைக்குத் தறியில் குறுக்கிழை ஓட்டும் நாடா, இழையை நெருக்கும் அச்சு, கத்தரி எல்லாவற்றையும் நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தறி முன்னால் அடுக்குவது அந்த வீட்டு வழக்கம். அந்த வருடம் பித்தளைத் தட்டில் ரிவால்வரும் இருந்தது. அதைச் சுற்றி எட்டுத் தோட்டாக்கள். ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் பூசி, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டிருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மா, தோட்டாவுக்கு எண்ணெய் ஆகாது. உள்ள எறங்கினா மருந்து நமுத்துப் போயிடும்.”

“நாடாவுக்கு வெக்கிறோம், தறி ஓடல? சாமி காரியத்துல குறுக்க பேசாத ஹவில்தாரே.”

மறுநாள் அந்த எட்டையும் ஒதுக்கிவிட்டுப் புதிது போட்டிருக்க வேண்டும். புதிது இல்லை. லைசென்ஸில் வருடத்துக்கு இவ்வளவு தோட்டாதான் என்று ஓர் அளவு உண்டு, அதைப் பயிற்சியிலேயே தீர்த்திருந்தோம். உலர்ந்த துணியால் துடைத்தேன். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன், அதனால் ஏதோ தெரிந்துவிடும் என்பது போல. பிறகு சிலிண்டரில் போட்டுக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருட ஆர்மரர் செய்த வேலை இது. அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்த ரிவால்வரைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். இரவில் தூக்கம் பிடிக்காது. தேவைப்படும் நேரத்தில் வெடிக்காமல் போய்விடுமோ என்ற ஒரே கவலைதான் எனக்கு. வெடித்துவிடுமோ என்று நான் கவலைப்படவே இல்லை.

4. அந்தப் பிற்பகல்

ஐப்பசி மழை. மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது, கரண்டும் போனது. தறிக்காரர்கள் யாரும் வரவில்லை. இன்வெர்ட்டர் ஏன் ஓடவில்லை என்று பார்க்க நான் கடையிலிருந்து உள்ளே போனேன். கூடத்து நிலைப்படியில் அம்மாவின் முதுகு தெரிந்தது. கால் அகட்டி, இரு கைகளும் நீட்டி, சொல்லிக் கொடுத்தபடியே நின்றிருந்தார். என் மாணவி என்று ஒரு கணம் எனக்குப் பெருமை வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அப்புறம்தான் அவருக்கு எதிரே பார்த்தேன். பின்வாசல் கதவு திறந்திருந்தது. தலையோடு முகத்தையும் மறைத்து துண்டு சுற்றிய ஓர் ஆள் குனிந்தபடி உள்ளே வந்துகொண்டிருந்தான். கக்கத்தில் நீளமாக ஏதோ. வெள்ளைத் துணியில் சுற்றிய பொதி.

முகூர்த்தப் புடவையை முன்கடை வழியாகக் கொண்டு வரக்கூடாது என்பது அந்தக் கடையின் பழக்கம். கல்யாணப் பெண் பார்க்கும் முன் வேறு வாடிக்கையாளர் கண் பட்டுவிடும் என்பார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிப் பின்வாசலில்தான் வரும். உள்ளே கொக்கி போட்டிருந்தாலும் எங்கள் தறிக்காரர்கள் எல்லாருக்கும் கதவிடுக்கு வழியாகக் குச்சி விட்டு அதைத் தூக்கத் தெரியும். திருப்புட்குழி ஏழுமலை அண்ணன் இருபது வருடமாக அப்படித்தான் வருகிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கத்த வாய் திறப்பதற்குள்,

டிக்.

அவ்வளவுதான் சத்தம். மழையில் அது ஏழுமலைக்குக் கேட்டிருக்காது. அம்மா யோசிக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடி மறுபடி அழுத்தினார். ஹேமர் எழுவதையும் சிலிண்டர் நகர்வதையும் பார்த்தேன்.

“அம்மா! நம்ம ஏழுமலை!”

பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். குழாய் தறிக்குழியைப் பார்த்தது. என் கட்டைவிரலை ஹேமருக்குக் கீழே கொடுத்தேன். “விரல வெளிய எடுங்கம்மா. மெதுவா.” அவர் விரல் வரவில்லை, மரத்துப் போயிருந்தது. இன்னொரு கையால் நான்தான் பிரித்தேன். முதல் தோட்டா உள்ளே புகைந்துகொண்டிருந்தால், அது இப்போது குழாய்க்கு நேராகவும் இல்லை, பாதி நகர்ந்து நின்றது. வெடித்தால் சிதறும், எங்கள் இருவர் கையும் போகும். குழிக்குள் அதைப் பிடித்தபடி அறுபது எண்ணினேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக எதையும் எண்ணியதில்லை.

ஏழுமலை அசையாமல் நின்றார். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாற்பதோ என்னவோ எண்ணும்போது சொன்னார்.

“புடவ நனையலம்மா. உள்ள பிளாஸ்டிக் கவர் போட்டு எடுத்தாந்துக்கினேன்.”

அம்மா தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

5. ரேஞ்சில்

அந்தத் தோட்டாவை எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் ஹேமர் அடித்த பள்ளம் தெளிவாக இருந்தது. எண்ணெய் உள்ளே இறங்கி மருந்து செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஊரெல்லாம் சொல்ல நல்ல கதை. அம்மா வைத்த சந்தனமும் நல்லெண்ணெயும் ஏழுமலையைக் காப்பாற்றின. என் தப்பே புண்ணியமாகிவிட்டது என்று எனக்குள் ஓர் ஆறுதல்கூட.

ஞாயிற்றுக்கிழமை எட்டுத் தோட்டாவையும் எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனோம். “எனக்குத் தெரிஞ்சாவணும்,” என்றார் அம்மா. மற்ற ஏழு தோட்டாவையும் நானே சுட்டேன். ஏழும் வெடித்தன. என் முகம் மாறுவதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அந்தத் தோட்டா. பழைய பள்ளம் வேறு பக்கம் வரும்படி திருப்பிப் போட்டு அழுத்தினேன்.

வெடித்தது. எதிரே பலகையில் ஒரு சின்ன ஓட்டை.

அம்மா நடந்து போய் அந்த ஓட்டையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். “அப்ப எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“இல்லம்மா. அடி விழுந்த எடத்துல மருந்து இல்ல. அவ்ளோதான்.”

“அன்னிக்கு தோட்டா இந்தாண்ட கொஞ்சம் திரும்பிக்கினு இருந்தா?”

மறுநாள் அம்மா ஏழுமலையையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, ரிவால்வரை ஒப்படைத்து, லைசென்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஏழுமலை தன் பக்கம் புகார் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். பின்வாசலுக்கு இரும்புக் கதவு வந்தது, மணி வந்தது, கேமரா வந்தது.

தம்பிகளே, பாயின்ட் டூ டூ போதுமா, பாயின்ட் த்ரீ டூ வேண்டுமா என்று என்னிடம் கேட்க வருகிறீர்கள். எதிலும் நம்பிக்கை வைக்காதீர்கள், வெடிக்கும் என்றும் வெடிக்காது என்றும். அந்த அம்மாவுக்கு நிற்கவும் பிடிக்கவும் குறிபார்க்கவும் கற்றுக் கொடுத்தேன். “யாரு அது?” என்று முதலில் கேட்கக் கற்றுக் கொடுக்கவில்லை. அந்த இரண்டு வார்த்தை என் பாடத்தில் இல்லை.

ஏழுமலை அண்ணன் இப்போதும் அந்தக் கடைக்குத்தான் நெய்கிறார். ரிவால்வர் போனது அவருக்குத் தெரியும், கையெழுத்துப் போட்டவரே அவர்தான். ஆனாலும் புடவையோடு வரும்போது திறந்திருக்கும் கதவுக்கு வெளியே தெருவிலேயே நின்று, “அம்மா, ஏழுமலை வந்துக்கிறேன், ஏழுமலை” என்று குரல் கொடுப்பார். “வாப்பா” என்று உள்ளிருந்து சத்தம் வந்த பிறகுதான் படி ஏறுவார்.