பதினொரு மாடுகளும் ஒரு பச்சைச் சாயமும்

நீர் ஆராய்ச்சி என்று நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்வோம். உண்மையில் எங்கள் தொழில், தண்ணீரில் கலந்திருப்பது யாருடைய மலம் என்று கண்டுபிடிப்பது. கல்யாண விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் “என்ன வேலை செய்யறீங்க?” என்று கேட்டதும் வடையோடு சேர்த்துப் பதிலையும் விழுங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் இனம். மேலே படியுங்கள்.

ஒரு வரி போதும்

கூலாய் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கும் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் ஒரு தாமானுக்கும் நடுவே ஓர் ஓடை இருக்கிறது. மாதம் இரண்டு முறை அங்கே போய், கரையில் குந்தி, போத்தலில் தண்ணீர் பிடித்து ஐஸ் பெட்டியில் வைப்பேன். கரையோர மண்ணையும் கொஞ்சம் சுரண்டிக்கொள்வேன். பிறகு ஜொகூர் பாருவில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிவிடுவேன். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது.

அந்த நிம்மதி ஒரு சனிக்கிழமையோடு போயிற்று. ஓடையில் மீன் பிடித்து விளையாடிய பிள்ளைகள் சிலருக்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தது. தோட்டத்தில் மேயும் லெட்சுமி அக்காவின் பதினொரு மாடுகள்தான் காரணம் என்று குடியிருப்பாளர் சங்கம் முடிவு கட்டிவிட்டது. மாதக் கடைசியில் ஒரு கூட்டம்; அதில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் மாடுகள் வெளியேற வேண்டும். அந்தப் பாலை நம்பித்தான் அக்காவின் வீட்டில் அடுப்பு எரிகிறது.

சங்கத் தலைவர் குணா அங்கிள் என்னைத் தேடிக் கரைக்கே வந்தார். தண்ணீரில் மலக்கிருமி நிறைய இருப்பது உண்மைதான், ஆனால் அது எந்த வயிற்றிலிருந்து வந்தது என்று என் சாதாரணப் பரிசோதனை சொல்லாது என்று விளக்க ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்திலேயே என் குரல் காணாமல் போனது. அவர் என் தோளில் தட்டிச் சொன்னார்: “சயன்ஸெல்லாம் வேணாம்மா. ‘மாட்டுச் சாணி’ன்னு ஒரு வரி எழுதிக் குடு, மத்தத நான் பாத்துக்கறேன்.”

சாணி கேட்கப் போனேன்

மாட்டின் குடலில் வாழும் சில கிருமிகள் மனிதக் குடலில் இருப்பதில்லை. மனிதனுடைய சில மாட்டில் இருப்பதில்லை. அவற்றின் மரபணுவைத் தண்ணீரில் தேடினால் குற்றவாளி அகப்படுவான். ஆனால் முதலில் என் சோதனைக்கு இந்த ஊர் மாடுகளை அடையாளம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்தப் பதினொரு மாடுகளின் சாணி வேண்டும். லெட்சுமி அக்கா இரண்டு மாடுகளைக் கறந்து முடிக்கும்வரை கொட்டகை வாசலில் வாய் திறக்காமல் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். “என் மாட்டுச் சாணிய வாங்கிட்டுப் போயி என் மாட்டையே வெரட்டப் போறியா?” என்ற குரல் மட்டும் வெளியே வந்தது.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் எப்படியோ ஒரு முழு வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது: “அக்கா, உங்க மாடு செய்யலன்னு சொல்றதுக்கும் இந்தச் சாணிதான் வேணும்.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாளைக்கு வா” என்றார்.

மறுநாள் போனேன். வாழையிலையில் பதினொரு உருண்டைகள் வரிசையாக, பிள்ளையார் பிடிக்கிற பக்குவத்தில், லேசான மஞ்சள் நிறத்தில் தயாராக இருந்தன. ஒன்றுகூடச் சோதனைக்கு ஆகாது. அழாத குறையாக அதைச் சொன்னேன். அக்காவுக்கு உண்மையிலேயே மனவருத்தம். “யூனிவர்சிட்டிக்குப் போவுது, அப்படியே அழுக்கா குடுத்து விடறதா? மஞ்சத் தண்ணி தெளிச்சுத்தான உருட்டுனேன்.”

வாளாவிருந்த காகிதம்

அடுத்த இரண்டு நாள் காலையில் குழாயும் கரண்டியுமாக மாடுகளின் பின்னால் நடந்து, சுடச்சுடச் சேகரித்தேன். இனி மனித மல மாதிரிகள். “தயவுசெய்து” என்று தொடங்கி, “பெயர் வெளியிடப்படாது” என்று முடித்து, ஒரு காகிதத்தில் எழுதி ஊழியர் அறைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினேன். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. குளிர்ப்பெட்டியில் சாப்பாடு வைப்பதை எல்லாரும் நிறுத்தியதுதான் மிச்சம்.

எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, கூலாய் எஸ்டேட்டில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரர். காகிதத்தைக் கிழித்துப் போட்டார். மூடி போட்ட டப்பாக்களைத் தட்டில் அடுக்கி, பலகாரம் கொடுப்பதுபோல மேசை மேசையாகப் போய் வந்தார். மறுநாள் தேவைக்கு மேலேயே வந்து சேர்ந்தது. அவற்றை என் கையில் கொடுத்துவிட்டு, என் வெட்கத்தைப் பார்த்துத் தங்கச்சியைக் கேட்பதுபோலக் கேட்டார்: “இதுக்குப் போயி என்னா மாலு, டிக்? எல்லாரும் தெனம் செய்ற வேலதானே லா.”

எந்த மனுஷன்

சோதனை வேலை செய்தது. மாட்டை மாடு என்றது, மனிதனை மனிதன் என்றது. ஓடைத் தண்ணீரை வைத்தபோது முடிவைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நம்ப முடியாமல் புது மாதிரி எடுத்துவந்து மறுபடியும் செய்தேன். அதே பதில்.

மாதக் கடைசிக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைய ஆட்கள். மேசையில் கையெழுத்துத் தாள். கடைசி வரிசையில் லெட்சுமி அக்கா தனியாக. நான் தயார் செய்த பதினாறு பக்கப் படங்களும் மறந்துபோயின. காகிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “மாடு ஓடையைக் கடக்கிற இடத்துல மட்டும் மாட்டோடது கொஞ்சம் இருக்கு. மத்ததெல்லாம் மனுஷனோடது. பின்வரிசை வீடுகளோட லோங்காங் வாய்க்கா ஓடையில சேர்ற இடத்துலதான் ரொம்ப அதிகம்.” குணா அங்கிள் பேனாவை மூடினார். “மனுஷன்னா எந்த மனுஷன்? அதையும் சொல்லிட்டுப் போம்மா.”

திறப்பு விழா

அந்த மனிதனைக் கண்டுபிடிக்க மரபணு தேவையில்லை. ஒரு போத்தல் பச்சைச் சாயம் போதும். அந்த வரிசையில் பலர் பின்பக்கம் சமையலறையை நீட்டி, கூடவே ஒரு கழிப்பறையும் கட்டியிருந்தார்கள். அதன் குழாய் கழிவுநீர்க் குழாயில் சேர்கிறதா, பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் லோங்காங்கில் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். கழிப்பறையில் சாயத்தை ஊற்றித் தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும். யார் வீட்டில் தொடங்குவது என்று கேட்டேன். அதே வரிசையில் குடியிருப்பவரும், எந்த விழாவையும் தானே தொடக்கிவைத்துப் பழகியவருமான குணா அங்கிள், “தலைவர் வீடுதான் மொதல்ல” என்றார்.

ஞாயிறு காலை பத்து மணி. சங்கம் முழுவதும் லோங்காங் ஓரமாக நின்றது. உள்ளே அங்கிளின் மனைவி தண்ணீரை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. நான் மனத்துக்குள் எண்ண ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டவில்லை. சுவரோரக் குழாயிலிருந்து, புதுப் பெயிண்ட் மாதிரி, பளபளவென்று பச்சை கொட்டியது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பச்சை இன்னும் பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து லெட்சுமி அக்கா சொன்னார்: “தலைவரே, பச்சப் புல்லு திங்கிற என் மாடே இவ்வளவு பச்சையா போவாதுங்க.”

எண்ண முடிந்தது

குணா அங்கிளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கையெழுத்துத் தாளை அங்கேயே கிழித்தார். கழிப்பறை கட்டிக்கொடுத்த குத்தகைக்காரரைத் திட்டிய கையோடு என் சாயப் போத்தலை வாங்கிக்கொண்டு, வீடு வீடாகத் தானே ஊற்றிப் பார்த்தார். இன்னும் நான்கு வீடுகள் பச்சை காட்டின. பிறகு ஐந்து குழாய்களையும் மாற்றிக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்தார்கள். மாடு கடக்கும் இடத்தில் லெட்சுமி அக்காவும் வேலி போட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஓடைத் தண்ணீரின் கிருமிகளை மறுபடி தட்டில் வளர்த்தேன்; ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக முளைக்கும். அதுவரை என் குறிப்பேட்டில் ஒவ்வொரு முறையும் “எண்ண முடியவில்லை” என்றுதான் எழுதியிருந்தேன். அன்று காலை காக் ரோஸ் பேனா முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணினார். இரண்டு கை விரல்களுக்குள் முடிந்துவிட்டது. அந்த வாரமே லெட்சுமி அக்கா முதல் முறையாக எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். நான் மாதிரி வைக்கும் அதே வகைப் போத்தல்களைப் புதிதாக வாங்கிக் கழுவி, நிறையப் பால் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தயங்குவதைக் கவனித்துவிட்டார். “தைரியமா குடிங்க. இதுல மஞ்சத் தண்ணி தெளிக்கல.”

வாய் திறக்கவே கூசும் எனக்காகப் பதினொரு மாடுகளின் சாணியும் ஒரு கழிப்பறைக் குழாயும் பேசி வழக்கை ஜெயித்துக் கொடுத்தன என்பதுதான், பதினாறு பக்கப் படங்கள் இல்லாமல் சொன்னால், என் ஆராய்ச்சியின் சுருக்கம்.