அடிப்பெட்டியைத் திறந்த மைதீன் பாய்

மைதீன் பாய் இறந்த செய்தி எங்கள் ஏரி நலக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. போட்டவர் குழுத் தலைவர் சாமியப்பன். ‘ஏரியின் காவலர் மறைந்தார், பேரிழப்பு’ என்று எழுதி, கும்பிடும் கைகளை மூன்று வரிசைக்கு அடுக்கியிருந்தார். போன மாதம் அந்தக் காவலரை இதே வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியதும் அவர் கைதான். பாய் அனுப்பியதை ஒருநாளும் திறந்து பார்க்காத அத்தனை பேரும் அடுத்த அரை மணி நேரத்தில் அழுது தீர்த்தார்கள். அந்தக் கண்ணீரை ஏரிக்குத் திருப்பியிருந்தால் கரை உடைந்து பொங்கலூர் வரை வெள்ளம் போயிருக்கும். என்ன, அதுவும் உப்புத் தண்ணீர்தான்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்களில் பாதிப்பேர் அவரைத் திட்டியவர்கள். மீதிப்பேருக்குத் திட்ட நேரம் கிடைக்கவில்லை. நான் முதல் வகை. அதிலும் முன்வரிசை.

ஓய்வு பெறும்வரை பாய், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்காகச் சரக்கைச் சோதிக்கும் கியூசி, அதாவது தர ஆய்வாளர். அவருடைய டிவிஎஸ் சத்தம் கேட்டால் வெள்ளகோவில் வரைக்கும் பனியன் முதலாளிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறும். என் கம்பெனிக்கு முதன்முதலில் வந்தபோது, நல்ல பீஸ்களை எல்லாம் முன்வரிசைப் பெட்டிகளில் வைத்து, பக்கத்தில் நாற்காலி, மின்விசிறி, இளநீர் என்று புது மாப்பிள்ளைக்குச் செய்யும் உபசாரம் செய்தேன். மனிதர் இளநீரைக் குடித்தார். நாற்காலியைத் தாண்டினார். சுவரோரம், அடுக்கின் ஆக அடியில் கிடந்த பெட்டியைக் காட்டினார்.

“அது எதுக்குங்க பாய், எடுக்கச் சிரமம்” என்றேன்.

“ஏனுங்க மொதலாளி, முன்னால இருக்கறது நீங்க காட்டறதுங்க. நான் பாக்க வந்தது நீங்க காட்டாததுங்க.”

பையிலிருந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் அட்டையை எடுத்தார். தவறு இருக்கும் இடத்தைச் சுட்ட ஒட்டுகிற அம்பு அது. ஒரு மணி நேரத்தில் என் கம்பெனியின் குழந்தைகள் டி-ஷர்ட் சரக்கு முழுவதும் முள்ளம்பன்றியாகிவிட்டது. அன்றைக்கு நான் அவருக்குக் கொடுத்த சாபங்கள் பலித்திருந்தால் பாய் ஏழு பிறவிக்குப் பல்வலியோடு பிறப்பார்.

பிறகு அவர் ஏரிக்கு வந்தார். எங்கள் ஏரி சாமானியமானதல்ல. இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் மறுநாள்தான் கேட்கும். அதன் நலத்தை ஆண்டுதோறும் சோதித்து அரசுக்கு அறிக்கை அனுப்ப எட்டு மகான்கள் கொண்ட குழு. ‘ஏரி நலமாக உள்ளது’ என்று அறிக்கை போனால் படகுத்துறை வரும். படகுத்துறை வந்தால் கல்வெட்டு வரும். கல்வெட்டில் எங்கள் பெயர்கள் வரும். விஞ்ஞானம் அவ்வளவுதான். மழை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமையில், ஓடைத் தண்ணீர் புதிதாக வந்து விழும் வடகரையில், புது பாட்டிலில் ஒரு லிட்டர் மொண்டு, போட்டோ எடுத்து, பஜ்ஜி தின்றுவிட்டுக் கலைவோம். பையருக்குச் சாம்பிள் தைக்கிற அதே கை, அதே புத்தி.

போட்டோவில் ஒரு தொப்பி இருந்தால் நன்றாக இருக்கும் என்று பாயை எட்டாவது ஆளாகச் சேர்த்தது தலைவரின் யோசனை. அவரோ பரிசல் ஒன்றைப் பிடித்து ஏரியின் எட்டு இடங்களுக்குப் போனார். உப்பு அளந்தார். அடிச்சேற்றை அள்ளி, வீட்டுச் சல்லடையில் அலசி, நத்தையையும் தும்பிப் புழுவையும் எண்ணினார். ஏழு இடங்களில் ஏதோ கொஞ்சம் உயிர் இருந்தது. சாயப்பட்டறைப் பக்கத்து ஓடை வந்து சேரும் தெற்கு மூலையில் ஒன்றுமில்லை. அதை ஒரு வரியாக அறிக்கையில் சேர்க்க வேண்டும், அந்த ஓடையைச் சோதிக்கச் சொல்ல வேண்டும் என்றார். அவர் கேட்டது அவ்வளவே.

“தெக்கு மூலையச் சேத்த வேண்டீதில்லீங்க பாய்” என்றார் தலைவர்.

“ஏனுங்க?”

“அங்க படகு ஓடாதுங்க.”

பாய் அறிக்கையைத் தலைவர் பக்கம் தள்ளினார். “அக்குள்ல ஓட்டை இருக்கற பனியன, கையத் தூக்காமப் போட்டுக்கங்கன்னு சொல்லி அனுப்புவீங்களாங்க?”

பாயைத் தவிர ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆமாம், நானும்தான், கல்வெட்டில் எனக்கு மூன்றாவது வரி என்று சொல்லியிருந்தார்கள். பாய் என் கையெழுத்தைக் குனிந்து பார்த்தார். “தையல் சுத்தமா இருக்குதுங்க மொதலாளி. துணிதான் சரியில்லீங்க.” அவர் போடவில்லை. அன்று மாலையே குழுவிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் நீக்கப்பட்டார்.

அடுத்த வாரம் என்னை மட்டும் பரிசலில் ஏற்றினார். கல் மூட்டை போல உட்கார்ந்திருந்தேன். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்த சாப்பாட்டுத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார். எத்தனை ஆழத்தில் மறைகிறதென்று பார்ப்பதற்கு. வடக்கே இரண்டு முழத்தில் பாசிப் பச்சைக்குள் மறைந்தது. தெற்கு மூலையில் அடித்தரை வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தீங்களா பாய்! கண்ணாடியாட்ட இருக்குது. தட்டு எப்படித் தெரியுது பாருங்க!”

“தெரியுதுங்க. தட்டு மட்டுந்தான் தெரியுது.”

திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது, தட்டைச் சுற்றிப் பாசியோ மீனோ ஒன்றுகூட இல்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட இயற்கைச் சீற்றம் என்று புரியும்.

அடக்கத்துக்குத் தலைவர் ஓர் ஆள் உயர மாலையோடு வந்தார். கபர்ஸ்தானில் மாலையை எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லவுமில்லை. கடைசியில் அது அவர் காரின் முன்பக்கத்திலேயே ஊர்வலம் போனது. தெருமுனை பிளெக்ஸில் பாயின் படம் குழு போட்டோவிலிருந்து வெட்டியது. ஓரத்தில் தலைவரின் தோள்பட்டை அப்படியே இருந்தது. அந்தத் தோளையாவது நீக்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

பாயின் மகள் நூர்ஜஹான் என்னை ஓரமாக அழைத்து, ஓர் அட்டையைக் கொடுத்தாள். ஏழு சிவப்பு அம்புகள் மிச்சமிருந்தன.

“அத்தா சட்டைப் பையில இருந்துதுங்க மாமா.”

“எனக்கா கொடுக்கச் சொன்னாரு, கண்ணு?”

“அப்படிச் சொல்லலீங்க. உங்களப் பத்திப் பேச்சு வந்தா, ‘மொத செக்கிங்ல அவரு பெயிலுதான். ரீசெக்கிங்ல பாஸாயிருவாரு’ன்னு சிரிப்பாருங்க.”

மூன்றாம் நாள் குழு கூடியது. இரண்டு நிமிட மௌனம், நாற்பது நொடியில் முடிந்தது. அடுத்த பொருள், அறிக்கையை அனுப்புவது. இருக்கிற உறுப்பினர் எல்லோரும் கையெழுத்திட்டால்தான் அரசு ஏற்கும். அறிக்கையை வாங்கி என் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் ஓர் அம்பை ஒட்டினேன்.

“இதென்னங்க மாமா?” முறையில் எனக்கு மாப்பிள்ளையான தலைவரின் முகம் ஊறவைத்த ஆமணக்குக் கொட்டைமுத்து மாதிரி உப்பியது.

“டிபெக்ட்டுங்க மாப்ள. தெக்கு மூலையச் சேத்தி எழுதுங்க, புதுசாப் போடறேன்.”

“கல்வெட்டுல உங்க பேரு இருக்காதுங்க!”

“மூணாவது வரி காலியா இருந்தா, அங்க ஓடையப் பத்தி எழுதுங்க.”

அறிக்கை இன்னும் போகவில்லை. என்னையும் நீக்குவதாகக் கேள்வி. நீக்கட்டும், பாய் இல்லாத வாட்ஸ்அப்பில் எனக்கென்ன வேலை. அந்தத் தட்டையும் கயிற்றையும் நூர்ஜஹானிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அட்டையும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆறு அம்புகள் மிச்சம். குழுவில் இன்னும் ஆறு பேர்.